வயதுக்கேற்பக் குரலை வைத்துக்கொள்வது எப்படி: களரியிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் வகுப்பிலும் தொண்டையால் உழைப்போருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொண்டையை நம்பி நிற்பவர்கள் ஏராளம். களரி எனும் கூத்தரங்கில் விடிய விடியக் கூத்தாடுவோர், வைகாசிச் சடங்கில் அம்மன் சந்நிதியில் காவியம் படிப்போர், ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்லும் முஅத்தின்மார், ஒரே நாளில் ஐந்தாறு பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், துறையில் மீன் ஏலம் கூறுவோர் என்று நீளும் இந்த வரிசை. இவர்களில் பலரும் செய்யும் பிழை ஒன்றுதான். பத்து வயதில் பாடிய உயரத்தைப் பதினான்கிலும், முப்பதில் எட்டிய உயரத்தை அறுபத்தைந்திலும் எட்டப் பார்க்கிறார்கள். குரல் வயதோடு இடம் மாறும். மாறிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து பாடினால் எழுபதிலும் பாடலாம். பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்தினால் குரல் நாண் வீங்கும், தடிக்கும், சில வேளை முடிச்சு விழும்.

உள்ளே என்ன மாறுகிறது

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. பிறந்த குழந்தைக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். வளர்ந்த பெண்ணுக்கு 12 முதல் 17, ஆணுக்கு 17 முதல் 25 மில்லிமீற்றர் வரை. நாண் நீண்டு தடிக்கத் தடிக்க அதிர்வு குறைந்து குரல் இறங்குகிறது. கைக்குழந்தையின் அழுகை செக்கனுக்கு 400 முதல் 500 அதிர்வு. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் பேச்சு 250 முதல் 300. வளர்ந்த பெண்ணின் பேச்சு 200 அளவில். ஆணுடையது 120 அளவில்.

நீளம் மட்டும் கணக்கல்ல. வளர்ந்தவரின் நாணில் மேலே மெல்லிய சவ்வு, அதன் கீழே வார் போன்ற இழைப்பகுதி, அடியில் தசை என்று அடுக்குகள் உண்டு. பிறக்கும்போது இந்த அடுக்குகள் பிரிந்திருப்பதில்லை. பருவ வயது முடியும்போதுதான் அவை முழுமையாகின்றன. அதனால்தான் சிறுபிள்ளைகளை மணிக்கணக்கில் உரத்துப் பாடவைக்கக் கூடாது என்கிறோம். விளையாட்டில் கத்திக் கத்திக் கரகரப்பாகிப்போகும் பிள்ளைகளின் நாண்களில் சிறு முடிச்சுகள் இருக்கலாம். கத்துவதைக் குறைத்து, முறையான குரற் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குத் தேவை வராது.

முதலில் அளந்து வையுங்கள்

எந்த வயதானாலும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. போனிலுள்ள ஒலிப்பதிவு போதும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எழும்பிய கையோடு பதிய வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருந்ததால் நாண்கள் சற்று வீங்கி, குரல் தடித்திருக்கும். காலை பத்து மணிக்குப் பின் நல்லது. தடிமன் உள்ள கிழமையில் எடுத்த பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றைப் பதியுங்கள். ஒன்று முதல் இருபது வரை சாதாரணப் பேச்சில் எண்ணுவது முதலாவது. அடுத்தது, நன்றாக மூச்செடுத்து, வசதியான உயரத்தில் "ஆ" என்று முடிந்தவரை நீட்டுவது. மூன்று முறை செய்து கூடியதை எழுதுங்கள். கடைசியாக, வலியும் இறுக்கமும் இல்லாமல் தொடக்கூடிய மிகக் கீழான சுரமும் மிக மேலான சுரமும். இதற்குச் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, எந்தக் கட்டை (சுருதி அளவு) என்று குறித்துக்கொள்ளலாம்.

"ஆ"வை 15 செக்கனுக்கு மேல் நீட்ட முடிந்தால் வளர்ந்தவருக்கு அது நல்ல அளவு. 10 செக்கனுக்குக் கீழே நிற்கிறதென்றால் நாண்கள் சரியாக மூடாமல் காற்றுக் கசிகிறது, அல்லது நுரையீரலில் காற்றுப் போதவில்லை. சிறுபிள்ளைக்கு இதே 10 செக்கன் இயல்பு. பெரியவர்கள் மூன்று மாதத்துக்கொரு முறை பதிந்தால் போதும். குரல் உடையும் வயதுப் பிள்ளைக்கு இரண்டு கிழமைக்கொரு முறை பதிய வேண்டும், ஏனென்றால் அங்கே மாற்றம் வேகமானது.

குரல் உடையும் வயது

ஆண்பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் வரும். குரல்வளையின் குருத்தெலும்புகள் சில மாதங்களில் விரைந்து வளர்ந்து முன்னே தள்ளுகின்றன. கழுத்தில் தெரியும் முடிச்சு அதுதான். நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஆனால் அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்குப் புதிய அளவு இன்னும் பழகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் கிறீச்சிட்டு மேலே தாவுவதும் திடீரென்று கீழே விழுவதும் இதனால்தான். எல்லாம் அடங்கும்போது குரல் ஏறத்தாழ ஒரு முழு ஸ்தாயி இறங்கியிருக்கும். சிலருக்குச் சில மாதங்களில் முடியும், சிலருக்கு ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும்.

முதலில் போவது மேற்சுரங்கள். கீழ்ச்சுரங்கள் பிந்தித்தான் வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களில் ஒரு பொடியனுக்குத் தாராளமாகப் பாட ஐந்தாறு சுரம்தான் மிஞ்சும். அந்தக் காலத்தில் "நேற்றுப் பாடினாய்தானே, இன்றைக்கு ஏன் எடுபடவில்லை?" என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது. உண்மையிலேயே நேற்று இருந்தது இன்று இல்லை.

கூத்துக்குச் சட்டம் கொடுக்கும், அதாவது பாத்திரங்களுக்குரிய பாட்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் நாளிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். வேளாண்மை வெட்டு முடிந்து பழக்கம் தொடங்கி, அடுக்கு எனும் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றம் வரும்போது மாதங்கள் ஓடிவிடும். பெண் பாத்திரத்துக்கென்று 12, 13 வயதுப் பொடியனைத் தெரிவு செய்யும்போது நான்கு விடயங்களைக் கவனியுங்கள். அண்மையில் சட்டென்று உயரம் போட்டிருக்கிறானா, கழுத்து முடிச்சுத் தெரிகிறதா, பேச்சில் கரகரப்பு உண்டா, ஆறு மாதத்துக்கு முன் தொட்ட மேற்சுரங்களில் ஒன்றிரண்டு போய்விட்டனவா? இவற்றில் இரண்டு இருந்தாலே உயர்ந்த விருத்தங்கள் உள்ள பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள். ஆட்டம் கூடிய, தரு எனும் கூத்துப் பாட்டுக் குறைந்த பாத்திரத்தில் விடுங்கள். பிள்ளை களரியில் நிற்பான், தாளக்கட்டு உடம்பில் ஏறும், தொண்டையும் தப்பும்.

ஏற்கெனவே சட்டம் கொடுத்தாகிவிட்டதென்றால் இப்படிச் செய்யலாம்.

"ம்ஹூம்" என்று ஆமோதிப்பதைப் போல அசட்டையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒலி நிற்கும் இடம்தான் அவனுடைய இன்றைய பேச்சுக் குரல். தருவின் நடுச்சுரம் அதிலிருந்து மூன்று நான்கு சுரத்துக்கு மேலே போகாதபடி தொடக்கத்தை இறக்குங்கள். மேலே ஏறும் அடிகளைப் பக்கப்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ளட்டும். பிள்ளை முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆடினால் போதும். பாட்டுப் பழக்கம் 20 நிமிடம், பிறகு பாட்டில்லாமல் ஆட்டம் 20 நிமிடம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு இரவில் பாட்டு மொத்தமாக ஒரு மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். தொண்டையில் வலி வந்தாலோ மறுநாள் காலை கரகரப்பு மதியம் வரை நீடித்தாலோ இரண்டு நாள் பாட்டை நிறுத்துங்கள்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. உடைந்த குரலை மறைக்கப் பொய்க்குரலில் பாத்திரத்தைத் தொடரவிடுவது. அரங்கேற்றம் வரை சமாளிக்கலாம் என்று தோன்றும். பிள்ளை அதைப் பேச்சுக்கும் பழகிவிட்டால் குரல்வளை ஆணுடையதாய் வளர்ந்தபின்னும் பேச்சு மெல்லிய உயரத்திலேயே நின்றுவிடும். இது நோயல்ல, பழக்கம். 16, 17 வயதிலும் இப்படிப் பேசும் பொடியன்களை ஊரார் கேலி செய்வதால் அவர்கள் வாயே திறக்காமல் ஒதுங்கிப்போகிறார்கள். அது வேண்டாத துன்பம், ஏனென்றால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் சில தடவைகள் போனாலே பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும், மருந்து தேவையில்லை. வீட்டில் ஒன்றை முயன்று பார்க்கலாம்: மெதுவாக ஒரு இருமல், இருமலின் ஒலி தானாகவே கீழான குரலில் வரும். அந்த ஒலியை விடாமல் "ஆ" என்று நீட்டுங்கள், பிறகு "ஆமா", "ஆறு", "ஆடு" என்று சொல்லாக்குங்கள். இருமலைப் பலமாகவோ திரும்பத் திரும்பவோ செய்ய வேண்டாம். கழுத்தை விரலால் அழுத்திப் பார்க்கும் வேலையைச் சிகிச்சையாளருக்கு விட்டுவிடுங்கள். 14 வயது முடிந்தும் குரல் மட்டுமன்றிப் பருவ மாற்றம் எதுவுமே தொடங்கவில்லை என்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

பெண்களின் குரல்

பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது. மூன்று நான்கு அரைச்சுரம்தான் இறங்குவதால் யாரும் கவனிப்பதில்லை. ஒன்றிரண்டு வருடத்துக்குக் குரலில் காற்றுக் கலந்திருக்கும். நாண்களின் பின்பக்கத்தில் சிறு இடைவெளி விடுவதால் வருவது அது. சங்கீத வகுப்பில் "காற்று வருகிறது, அழுத்திப் பாடு" என்று சொன்னால் பிள்ளை தொண்டையை இறுக்கப் பழகிவிடும். மென்மையாகப் பாடவிட்டால் இடைவெளி காலப்போக்கில் குறையும்.

மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் நாண்கள் சற்று வீங்கிக் குரல் தடிக்கும் பெண்கள் உண்டு. அந்த நாட்களில் உயர்ந்த பாடல்களைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிறு மேலே தள்ளுவதால் மூச்சின் நீளம் குறையும், நெஞ்செரிவும் கூடும். இரண்டும் பிள்ளை பிறந்தபின் தணிந்துவிடும்.

பெரிய மாற்றம் மாதவிடாய் நிற்கும் வயதில், ஐம்பதையொட்டி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, நாண்களின் சவ்வு உலர்ந்து, குரல் மெல்ல இறங்குகிறது. ஐந்தரைக் கட்டையில் தேவாரம் பாடிவந்தவர் ஐந்துக்கோ நாலரைக்கோ இறங்க வேண்டிவரலாம். தயங்காமல் இறங்குங்கள். பஜனைக் குழுவில் எல்லோரும் பழைய கட்டையிலேயே நிற்க, ஒருவர் மட்டும் மேலே எட்டி இழுத்துப் பாடினால் முதலில் போவது அவருடைய மேற்சுரம். பிறகு நடுச்சுரமும் கரகரக்கும். குரல் இறங்குவதோடு உடல் பருமன், களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்திருந்தால் அதை வயதின் தலையில் கட்டிவிடாதீர்கள். தைரொயிட் சுரப்புக் குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இன்னொன்று: கர்ப்பப்பைச் சிக்கல்களுக்குக் கொடுக்கப்படும் டனசோல் என்ற மருந்து பெண் குரலைத் தடிக்கவைக்கலாம், நிறுத்திய பிறகும் அது திரும்பாமல் போகலாம். குரலை நம்பி வாழ்பவர் அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

உழைக்கும் வயது

இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் குரல் அதிகம் மாறுவதில்லை. இந்த வயதில் வரும் சேதம் பெரும்பாலும் உழைப்பால் வருவது. ஆசிரியர்கள் தொடர்ந்து இரண்டு பாடத்துக்கு மேல் உரத்துப் பேசாதபடி, மூன்றாவதில் எழுத்து வேலை கொடுக்கலாம். இடுப்பில் கட்டும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் அது வருடக்கணக்கில் தொண்டையைக் காக்கும். செருமுவதை விடுங்கள். ஒவ்வொரு செருமலிலும் நாண்கள் இரண்டும் மோதுகின்றன. செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், அல்லது உமிழ்நீரை விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுப்பதும் ஓய்வாகாது. பலருக்கு அது குரல்வளையை மேலும் இறுக்கும். மெதுவான, சாதாரணக் குரலே நல்லது.

வாங்கு சொல்வோருக்குக் கடினமானது சுபஹ் எனும் அதிகாலைத் தொழுகை நேரம். நாண்கள் வீங்கிய நிலையில், தொண்டை உலர்ந்திருக்க, எழும்பி ஐந்து நிமிடத்தில் உயர எடுக்க வேண்டும். பத்து நிமிடம் முந்தி எழும்பி, சாதாரணச் சூட்டில் ஒரு குவளை தண்ணீர் குடித்து, வாய் மூடி "ம்" என்று கீழிருந்து மெல்ல ஏறி இறங்கி மூன்று நிமிடம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஒலிவாங்கியை வாயிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் வைத்து, தூரம் எட்டும் வேலையை ஒலிபெருக்கியிடம் விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்ந்து புழுதியும் சேர்வதால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். சிறுநீரக, இருதய வருத்தத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். சூடடிக்கும் நாட்களில் வைக்கோல் தூசுக்கு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

அறுபதுக்கு மேல்

இந்த வயதில் ஆணும் பெண்ணும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். ஆணின் நாண்களிலுள்ள தசை மெலிகிறது, அதனால் குரல் சற்று உயர்ந்து மெலிதாகிறது. பெண்ணின் குரல் இறங்கியே நிற்கிறது. இருவருக்கும் பொதுவாக நாண்கள் வில்லைப் போல் உள்வளைந்து, நடுவில் மூடாமல் காற்றுக் கசியும். குருத்தெலும்புகள் எலும்பாக இறுகும். சவ்வை ஈரமாக வைக்கும் சுரப்பிகள் குறையும். நெஞ்சுக்கூடு விறைத்து மூச்சின் கொள்ளளவும் குறையும். விளைவு: உரப்புக் குறைவு, காற்றுக் கலந்த ஒலி, நீட்டினால் நடுக்கம், அடியின் முடிவில் மூச்சு முட்டுவது.

இவற்றில் ஒரு பகுதியைப் பயிற்சியால் மீட்கலாம். அதைச் செய்யும் ஒருவரின் "ஆ" 8 செக்கனிலிருந்து 12க்குப் போவதற்கே சில கிழமைகள் ஆகும். அந்த நான்கு செக்கன் ஒரு விருத்த அடியை மூச்சு விடாமல் முடிப்பதற்குப் போதுமானது.

*போத்தல் பயிற்சி.* அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, 35 சென்ரிமீற்றர் நீளமும் 9 முதல் 12 மில்லிமீற்றர் உள் அகலமும் உள்ள மிருதுவான சிலிக்கன் குழாய் ஒன்று. மீன் தொட்டிக்கு விற்கும் காற்றுக் குழாய் மிகவும் ஒடுக்கம். அதில் ஊதினால் தொண்டை இறுகும். போத்தலில் பாதி தண்ணீர் விடுங்கள். குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 முதல் 3 சென்ரிமீற்றர் மட்டும் இருக்கட்டும். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டால் குழாயை மூடிப் பிடித்து, "ஊ" என்று ஒலியோடு ஊதுங்கள். ஐந்து செக்கன் வீதம் பத்து முறை. பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஐந்து முறை. கடைசியில் தெரிந்த தரு ஒன்றின் மெட்டை ஒரு நிமிடம் குழாய்க்குள்ளேயே பாடுங்கள். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம்.

கன்னமும் உதடும் அதிர்ந்து, குமிழ்கள் ஒரே சீராய் வந்தால் சரி. குமிழ் வந்து ஒலி வராவிட்டால் வெறும் காற்றை விடுகிறீர்கள். ஒலி வந்து குமிழ் நின்றால் மூக்கு வழியாகவோ உதட்டோரமாகவோ காற்றுப் போகிறது. மூக்கைப் பொத்திப் பார்த்தால் எதுவென்று தெரியும். குமிழ் விட்டுவிட்டு வெடித்தால் மூச்சை அவசரமாகத் தள்ளுகிறீர்கள். தொண்டை இறுகினால் ஆழத்தை ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையுங்கள். தலை சுற்றினால் நிறுத்தி இருங்கள். குழாயை ஒவ்வொரு நாளும் சவர்க்காரமிட்டுக் கழுவித் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஈரமாய்ச் சுருட்டி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஒருவர் பாவித்ததை இன்னொருவர் பாவிக்க வேண்டாம்.

*நீட்டும் பயிற்சி.* மெல்லிய ஆனால் காற்றுக் கலக்காத குரலில் "ஈ" என்று முடிந்தவரை நீட்டுங்கள், இரண்டு முறை. "ஊ" என்று மிகக் கீழிருந்து மிக மேலே இரண்டு முறை, மேலிருந்து கீழே இரண்டு முறை. பின் ச, ரி, க, ம, ப ஒவ்வொன்றையும் தனித்தனியே முடிந்தவரை நீட்டி இரண்டு முறை. இதையும் நாளுக்கு இரு தடவை, ஆறு முதல் எட்டுக் கிழமை. உரத்துச் செய்தால் பயன் போய்விடும். மெல்லிய ஒலியில் நாண்களை மூடவைப்பதுதான் தசைக்கு வேலை.

நடப்பதையும் சேருங்கள். மூச்சு நீளாமல் குரல் நீளாது. பல்செட் ஆடினால் சொல் குழறும், அதைச் சரிசெய்யுங்கள். காது மந்தமானவர் தன் குரலின் அளவு தெரியாமல் ஒன்றில் கத்துவார், இல்லாவிட்டால் முணுமுணுப்பார். காதைச் சோதித்துக் கருவி போட்டாலே குரல் திருந்துவதுண்டு.

களரியில் நிற்கும் மூத்த அண்ணாவிமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. சுருதிப்பெட்டி வைக்காத களரியில் அவர் எடுத்துக் கொடுக்கும் உயரமே எல்லோருக்கும் உயரம். வயது ஏறி அவர் குரல் மெலிந்து உயர்ந்திருந்தால் கூத்தர் எல்லோரும் தங்களுக்குப் பொருந்தாத இடத்தில் விடியும் வரை இழுபடுவார்கள். அடுக்குப் பார்க்கும் முன்பே முக்கிய கூத்தர்களின் அளவைப் பார்த்து, பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுத் தருக்களின் தொடக்கச் சுரத்தை முடிவு செய்து, அதைப் போனில் பதிந்து வைத்து, தொடங்குமுன் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. உயர்ந்த விருத்தங்களை இளைய பக்கப்பாட்டுக்காரரிடம் கொடுப்பதால் அண்ணாவியாரின் மதிப்புக் குறையாது. தாளமும் ஆட்டமும் சொற்கட்டும் அவர் கையில்தான். மத்தளத்தை இடுப்பில் கட்டும்போது நன்றாக மூச்செடுத்து, வயிறு விரிந்திருக்கும் நிலையில் கட்டச் சொல்லுங்கள். மூச்சை விட்டிருக்கும்போது இறுக்கிக் கட்டினால் வயிறு அசைய இடமில்லாமல் தோளால் மூச்செடுக்க நேரும், கழுத்து இறுகும், நடுச்சாமத்துக்குள் குரல் கம்மிவிடும். கரப்புப் போல விரிந்த கரப்புடுப்புக் கட்டும் ராசா வேடக்காரருக்கும் இதே விதி.

கைமருந்தும் குளிசையும்

விழுங்கும் எதுவும் குரல் நாணில் படுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, பட்டால் புரையேறும். கற்கண்டும் மிளகும் இஞ்சிப் பிளேன்ரீயும் கொத்தமல்லித் தண்ணீரும் தொண்டைக்கு இதம் தரும், உடலுக்கு நீர் சேர்க்கும், அவ்வளவுதான். அதிமதுரத்தைச் சில நாள் மெல்லலாம். மாதக்கணக்கில் எடுத்தால் பிரஷர் கூடும், உடலில் பொற்றாசியம் குறையும். பிரஷர், இருதயக் குளிசை எடுப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். விறைக்கவைக்கும் தொண்டை இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து. வலி தெரியாததால் காயத்தின் மேலேயே பாடுவீர்கள். ஆவி பிடிப்பதென்றால் ஐந்து நிமிடம், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய தண்ணீரில், மேசையில் அசையாமல் வைத்து. பிள்ளைகளுக்கு வேண்டாம்; சுடுதண்ணீர் கொட்டி வெந்துபோவார்கள்.

முட்டு வருத்தத்துக்குப் பாவிக்கும் இன்ஹேலர் சிலரின் குரலைக் கம்மவைக்கும். ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். பிரஷர் குளிசைகளில் ஒரு வகை விடாத வறட்டு இருமலைத் தரும். கிளினிக்கில் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறி நாண்களை எரிக்கும். சுருட்டும் சிகரெட்டும் நாண்களை வீங்கவைத்துக் குரலைத் தடிப்பாக்கும். குரல்வளைப் புற்றுநோய்க்கு முதற்காரணமும் புகைதான். புகையிலை வைத்து வெற்றிலை போடுவது வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயைக் கொண்டுவரும்.

எப்போது வைத்தியசாலைக்கு

வயதால் வரும் மாற்றம் வருடக்கணக்கில் மெல்ல நடக்கும். ஒரு நாளில் குரல் குழறி, முகம் ஒரு பக்கம் இழுத்து, கை தூக்க முடியாமல் போனால் அது பாரிசவாதம். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். மூச்செடுக்கும்போது கீச்சென்ற ஒலியோ மூச்சுத் திணறலோ இருந்தாலும் அப்படியே.

கரகரப்பு நான்கு கிழமைக்கு மேல் நீடித்தால் எந்த வயதானாலும் குரல்வளையைப் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் அதுவரை காத்திருக்காமல் மூன்று கிழமையில் போய்விடுங்கள். இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் மெலிவது, தண்ணீர் குடிக்கப் புரையேறுவது இவற்றில் எது சேர்ந்தாலும் அந்தக் கிழமையே போக வேண்டும். தைரொயிட், கழுத்து, நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின் குரல் காற்றாய்ப் போனால் நாணுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆறு மாதம் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் உடனே சொல்லுங்கள்.

முதியவர் ஒருவர் "நான் உரத்துத்தான் பேசுகிறேன், உங்களுக்குத்தான் கேட்கவில்லை" என்று வாதாடுகிறாரா? நடை சிறுத்து, எழுத்தும் சிறுத்து, கை நடுங்குகிறதா? பார்க்கின்சன் நோய் இருக்கலாம். அதற்கென்றே, உரப்பை மட்டும் இலக்காக வைத்த குரற் பயிற்சி உண்டு: கிழமைக்கு நான்கு நாள் வீதம் நான்கு கிழமை, மொத்தம் 16 தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. படுவான்கரையிலோ அம்பாறைப் பக்கத்திலோ இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை விட்டு நாண்களைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், பெரிதாக வலிக்காது. எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். போனில் திகதியோடு பதிந்து வைத்த குரலையும் போட்டுக் காட்டுங்கள். எந்த மாதத்திலிருந்து மாறியது என்று டொக்டர் கேட்பார். அந்தப் பதிவு இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை.